ஏ.எஃப். படபடப்பும் என் கைவைத்தியக் கணக்கேடும்

சோழவந்தானை அடுத்த ஒரு கிராமத்தில், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 29 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் நான். எதையும் கட்டம் போட்டு, நேரம் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் வேலையோடு போய்விடவில்லை. இதயத் துடிப்பு திடீரென்று தாளம் தவறி ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு, மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பது, எனக்கு 63 வயதில் தொடங்கியது. இப்போது 66 ஆகிறது. அது வரும்போதெல்லாம் வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று நான் செய்து பார்த்தவற்றையும், அவற்றில் எதைச் செய்தபோது அது நின்றது, எதைச் செய்தபோது நிற்கவில்லை என்பதையும் எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை மதுரையில் ஒரு திருமண வரவேற்புக்குப் போய்விட்டு, இரவு 10 மணிக்கு மேல் விளக்குத்தூண் பக்கம் நின்று, பனிக்கட்டியாகக் குளிர்ந்த ஜிகர்தண்டாவை இரண்டே மூச்சில் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி சமயநல்லூரைத் தாண்டுவதற்குள் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. வேகமாக அடித்துக்கொண்டது என்று மட்டும் சொன்னால் போதாது. குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டியில் காலிப் பால் கேன்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுவதைப் போல, ஒரு சீரும் இல்லாமல் அடித்தது. வீட்டில் என் அண்ணன் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாயுப் பிடிப்புதான் தாயி, ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படு" என்றார். குடித்தேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக அடங்கியது. அடுத்த ஓராண்டுக்கு எங்கள் வீட்டில் ஓமத்தண்ணீர்தான் இதய மருந்து.

மறுநாள் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். துடிப்பு சீரான பிறகு போனால் ஈ.சி.ஜி. சுத்தமாகத்தான் இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "பயம்தான் அம்மா உங்களுக்கு" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை, படபடப்பு இருக்கும்போதே ஆட்டோ பிடித்துப் போய் எடுத்த ஈ.சி.ஜி.யில்தான் அது பிடிபட்டது. ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும் தெரிய வேண்டிய சிறு மேடு காணாமல் போயிருந்தது. துடிப்புகளுக்கு இடையிலான தூரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பின்னாளில் மகன் வாங்கி அனுப்பிய, கைப்பேசியோடு இணைத்து இரண்டு விரல்களை வைத்தால் 30 விநாடிக்கு ஈ.சி.ஜி. பதியும் சிறு கருவி பெரிய உதவியாக இருந்தது. அது இல்லாதவர்கள் மணிக்கட்டில் நாடியை முழுமையாக ஒரு நிமிடம் எண்ணி, எண்ணிக்கையோடு "சீர்" அல்லது "சீரில்லை" என்றும் எழுதிக்கொள்ளலாம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்தக் கோளாறில் பொய்க்கணக்குக் காட்டும்.

ஏ.எஃப். வரும்போது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை. நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட சிதறிய மின் தூண்டல்களால் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கணு, அவற்றில் ஒரு பகுதியைத்தான் கீழே விடுகிறது. ஆகவே நாடி 110, 140, 160 என்று ஒழுங்கில்லாமல் ஓடுகிறது. மேலறை சரியாகப் பிழியாதபோது, இடப்பக்க மேலறையின் காது போன்ற ஒரு சிறு பையில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. என் வயது, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். "படபடப்பை நீங்கள் எதைச் செய்து நிறுத்தினாலும் சரி, இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. படபடப்பு உங்களைப் பயமுறுத்தும், ஆனால் கட்டி சொல்லாமல் வரும்" என்றார் அவர். கைவைத்தியத்தைப் பற்றி நான் எழுதும் எல்லாவற்றையும் இந்த மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். ஆஸ்பிரினை விழுங்கினால் போதும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். இதற்கு ஆஸ்பிரின் ஈடாகாது.

பிறகுதான் நோட்டைத் தொடங்கினேன். தொடங்கிய நேரம், அதற்கு முன் உண்டது, உறக்கம், செய்த வைத்தியம், நின்ற நேரம் என்று ஐந்து கட்டங்கள். 26 மாதங்களில் 19 வரிகள் ஏறின.

முதலில் முயன்றது குளிர்ந்த நீர். அகன்ற பாத்திரத்தில் ஐஸ் கலந்த நீரை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்குவது. குளிர்ச்சி முகத்தில் பட்டால் வேகஸ் என்ற நரம்பு தூண்டப்பட்டு இதயத்தின் ஓட்டம் தணியும் என்பது இதன் அடிப்படை. அடுத்தது, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மலங்கழிக்க முக்குவதைப் போல வயிற்றை இறுக்கி அழுத்தம் கொடுப்பது. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் இதைச் செய்து, சொடக்குப் போட்டது போலத் தன் படபடப்பை நிறுத்திக் காட்டினாள். எனக்கு நான்கு முறையும் நிற்கவில்லை. அவளுக்கு நிற்பது எனக்கு ஏன் நிற்கவில்லை என்ற ஆற்றாமையில் மருத்துவரிடமே கேட்டேன்.

அவளுக்கு இருப்பது எஸ்.வி.டி. என்ற வேறு கோளாறு. அதில் மின்னோட்டம் அந்த நடுக்கணுவின் வழியாகவே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. வேகஸ் நரம்பைத் தூண்டிக் கணுவை ஒரு நொடி அடைத்தால் வட்டம் அறுந்து, துடிப்பு அப்போதே சீராகிவிடும். முக்கி அழுத்தியவுடன் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடிக்கும் முறையை இங்கிலாந்தில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். எஸ்.வி.டி. வந்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கு அது நின்றது; சாதாரணமாக முக்கி அழுத்தம் மட்டும் கொடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கே நின்றது. ஏ.எஃப்.-இல் கோளாறு இருப்பது மேலறைச் சுவரில். கணு வெறும் மடைதான். கண்மாயில் காற்றடித்து எழும் அலையை மடையை அடைத்து நிறுத்த முடியுமா? வெளியே போகும் நீர் சற்றுக் குறையும், அவ்வளவுதான். இன்னும் ஒன்று, சிலருக்கு ஏ.எஃப். தொடங்குவதே வேகஸ் நரம்பின் தூண்டுதலால்தான். பிரான்சைச் சேர்ந்த ஃபிலிப் கூமேல் என்ற இதய மருத்துவர், இரவிலும் உணவுக்குப் பிறகும் ஓய்வின்போதும் வரும் இவ்வகையை, உழைப்பிலும் பதற்றத்திலும் வரும் வகையிலிருந்து பிரித்து விளக்கியவர். என்னுடைய 19-இல் 11 தடவை இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கியவை. அதாவது, எந்த நரம்பு எனக்கு வம்பு செய்கிறதோ அதையே ஐஸ் தண்ணீரால் மேலும் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழுத்தின் பக்கவாட்டில் நாடி ஓடும் இடத்தை அழுத்தித் தேய்க்கும்படி ஓர் உறவினர் சொன்னார். மருத்துவமனையில் மருத்துவர்கள் செய்வதைப் பார்த்தாராம். இதை மட்டும் யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். வயதானவர்களின் கழுத்து இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு இருக்கலாம். அழுத்தும்போது அது பெயர்ந்து மூளைக்குப் போனால், எதற்குப் பயந்தோமோ அதுவே வந்துவிடும்.

இனி அந்த 19 வரிகளின் கூட்டல். ஐஸ் தண்ணீர் 6 முறை. ஒரு மணி நேரத்துக்குள் நின்றது ஒரு முறை. வயிற்றை இறுக்கி முக்குதல் 4 முறை, ஒரு முறையும் நிற்கவில்லை. நாடி 120-க்குக் கீழே இருந்து, தலைச்சுற்றல் இல்லாதபோது, முற்றத்தில் மெதுவாக நடந்தது 5 முறை. இரண்டு முறை நின்றது. எதுவும் செய்யாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது 4 முறை. அதிலும் ஒரு முறை நின்றது. மற்றவை பெரும்பாலும் மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்குள் தாமாகவே அடங்கின. ஒன்று மட்டும் 21 மணி நேரம் இழுத்தது. விட்டுவிட்டு வரும் வகை ஏ.எஃப். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே நிற்கக்கூடியது. ஆகவே நிற்பதற்குச் சற்று முன் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஓமத்தண்ணீரின் புகழும் இப்படி வந்ததுதான். முற்றத்து நடைக்கு ஐந்தில் இரண்டு என்ற கணக்கு இருந்தாலும், அதையும் வைத்தியம் என்று அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 19 வரிகள் போதாது. நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ இருக்கும்போது நடக்கவே கூடாது.

மூச்சுப் பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. இடையில் மூச்சைப் பிடிப்பதில்லை. இது என் படபடப்பை நிறுத்தியதாக நோட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் நாடி 140-லிருந்து 120 பக்கம் இறங்கியதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பயமே துடிப்பை விரட்டும் ஒரு சாட்டை. அது கீழே விழுந்தால் இதயத்துக்கு ஓர் இளைப்பு. அமெரிக்காவின் கான்சாஸில் தனஞ்செய லக்கிரெட்டி என்ற இதய மருத்துவரும் குழுவினரும் விட்டுவிட்டு ஏ.எஃப். வரும் 49 பேருக்கு மூன்று மாதம் யோகப் பயிற்சி கொடுத்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். படபடப்பு வரும் தடவைகள் சராசரியாக 3.8-லிருந்து 2.1 ஆகக் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். வந்ததை நிறுத்துவதல்ல, அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்வதே அது காட்டும் பயன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூலிகைக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் இன்றும் மதுரையை மருதை என்பார்கள். மருத மரத்தால் வந்த பெயர் என்பது அவர்கள் எண்ணம். அப்பேர்ப்பட்ட ஊரில் நெஞ்சுப் படபடப்புக்கு மருதம்பட்டைக் கஷாயம் சொல்லாதவர்கள் யார்? அபிக்சபான் தொடங்கிய பிறகும் காலையில் மருதம்பட்டைக் கஷாயம், இரவில் ஏழெட்டுப் பல் பூண்டு போட்ட பால் என்று மூன்று மாதம் குடித்தேன். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வரத் தொடங்கியது. முழங்கையில் அடிபடாமலே கன்றிய தடம் தெரிந்தது. இவற்றால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரையோடு பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மருந்தளவில் சேர்ப்பது இரத்தக் கசிவை மிகுதிப்படுத்தலாம் என்று மருத்துவர் சொன்னார். குழம்பில் போடும் பூண்டுக்குத் தடையில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரினைச் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். முருங்கைக் கீரையையும் பிற கீரைகளையும் விட வேண்டியதில்லை. ஒரு வாரம் அறவே இல்லாமலும் அடுத்த வாரம் மூன்று வேளையுமாகச் சாப்பிடாமல், ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்கிறது.

எனக்கு உண்மையில் கேடு செய்தது மருதம்பட்டை அல்ல, அதிமதுரம். தொண்டைக் கமறலுக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டே இருப்பேன். பாட்டி காலத்து மருந்து, அது என்ன செய்துவிடப் போகிறது என்ற நினைப்பு. ஆறு வாரத்தில் நான்கு தடவை படபடப்பு வந்தது, இரத்த அழுத்தம் 170-ஐத் தாண்டியது, கணுக்கால் வீங்கியது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தத்துக்காக நான் சாப்பிட்டு வந்த, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும் என்றார், பிறகு, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். அதிமதுரத்தை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. கூட வந்த மருமகள்தான், "அத்தை, உங்க சுருக்குப்பையில இருக்கே, அது?" என்று கேட்டாள். அதிலுள்ள கிளிசரைசின் என்ற பொருள், உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறைத்துவிடுமாம். இரத்த அழுத்த மாத்திரையும் அதுவும் சேர்ந்து இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியிருக்கின்றன. அதிமதுரத்தை விட்டு, மாத்திரையும் மாற்றப்பட்ட பிறகு அடுத்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. என் நோட்டில் காரணமும் விளைவும் ஓரளவு கைகோத்து நிற்கும் இடம் இதுதான்.

பொட்டாசியம் குறைந்தால் கேடு என்றால் இளநீரை வயிறு முட்டக் குடிக்கலாமே என்று தோன்றும். சோழவந்தானில் தென்னைக்கா பஞ்சம்? வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது அவசியம்தான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், டெல்மிசார்டான், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைப் பெருக்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினாலும் இதயம் நின்றுபோகலாம். மெக்னீசிய மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான். இரத்தத்தில் குறைவு இருந்தால் ஈடுசெய்வது நல்லது. குறைவில்லாதவர்களுக்கு அது படபடப்பை நிறுத்தும் என்பதற்கு நான் பார்த்த அளவில் வலுவான சான்று இல்லை. மகன் அன்போடு அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொன்னார். இதயத்துக்கு நல்லது என்று விற்கப்படும் அது, மிகுந்த அளவில் ஏ.எஃப். வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளிலேயே தெரியவந்திருக்கிறது.

ஆக, வந்ததை நிறுத்தும் வித்தையைத் தேடியதைவிட, வரவழைப்பது எது என்று தேடியதே எனக்குப் பலன் கொடுத்தது. இரவு உணவை ஏழரை மணிக்குள் அரை வயிற்றோடு முடிக்கிறேன். பனிக்கட்டிக் குளிர்ச்சியில் எதையும் மடமடவென்று குடிப்பதில்லை. குளிர்பானத்தை விழுங்கியவுடன் ஏ.எஃப். தொடங்கியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலும் எழுதியிருக்கிறார்கள். எடை ஓராண்டில் 74 கிலோவிலிருந்து 66 ஆகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைத்து, அதை ஏறாமல் காத்தவர்களுக்கு ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. குறட்டை பலமாக இருந்தால் உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். தைராய்டு மிகையும் ஒரு காரணம்; அது ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும், மூக்கடைப்பை நீக்கும் மாத்திரைகள் சிலவும் துடிப்பைத் தூண்டும். காபியை நான்கு மாதம் விட்டுப் பார்த்தேன்; நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த நான்கு மாதம் என்னோடு இருந்தவர்கள்தான் பாவம். இப்போது காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். மதுவைப் பற்றி என் நோட்டில் கட்டம் இல்லை. ஆனால் விடுமுறையில் குடித்துவிட்டுத் துடிப்புக் கோளாறோடு வருபவர்களைக் கண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1978-லேயே அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டார்கள் என்பதை, குடிக்கும் ஆண்கள் இருக்கும் வீட்டில் சொல்லிவைக்கலாம்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலைகளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, ஓய்விலும் நாடி 150-க்குக் கீழே இறங்காமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் என்பதையும் அதற்குள் கணக்கிட வேண்டும். படபடப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துவைப்பதும் ஒரு மருந்துதான். மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்க நினைக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நெடுநேரம் ஆகியிருந்தாலோ நேரம் தெரியாவிட்டாலோ, மூன்று வாரம் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை கொடுத்த பிறகோ, உணவுக்குழாய் வழியாக எக்கோ என்ற ஒலியலைப் படம் எடுத்து, இதயத்தில் கட்டி இல்லை என்று பார்த்த பிறகோதான் செய்வார்கள். 48 மணி நேரம் என்று இருந்த அந்த எல்லையை இப்போது 24 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கடைசியாக எனக்குக் கிடைத்ததும் ஒரு வகையில் சுயவைத்தியம்தான், ஆனால் மருத்துவர் கையால் கிடைத்தது. எக்கோவில் வால்வும் இதயத் தசையும் நன்றாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு, படபடப்பு வந்தால் மட்டும் ஒரே வேளையாக விழுங்கும் ஃப்ளெகெய்னைடு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் தடவை மருத்துவமனையில் படுக்கவைத்து, ஈ.சி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். கணுவைத் தணிக்கும் இன்னொரு மாத்திரையும் இதோடு வேண்டும். மாரடைப்பு வந்தவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இதைத் தொடவே கூடாது. இத்தாலியில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், இப்படி மாத்திரை விழுங்கிய தடவைகளில் 94 விழுக்காடு, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குள் நின்றனவாம்.

கடந்த ஒன்பது மாதத்தில் எனக்கு மூன்று தடவை வந்தது. இரண்டு தடவை மாத்திரை விழுங்கினேன்; ஒன்று 1 மணி 50 நிமிடத்திலும் மற்றொன்று 2 மணி 40 நிமிடத்திலும் நின்றன. மூன்றாம் தடவை, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மருமகளிடம் தண்ணீர் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செம்பைக் கொண்டுவருவதற்குள் துடிப்பு தானாகவே சீராகிவிட்டது. மாத்திரையை மறுபடி டப்பாவில் போட்டுவிட்டு, நோட்டை எடுத்து, செய்த வைத்தியம் என்ற கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.